கொண்டைத் தட்டு

சந்தியாகு வாசலில் தென்பட்டுவிட்டால் விசேஷம் முடிந்தது என்று அர்த்தம். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைசிப் பந்தி கை கழுவுகிற நேரம், மைக்செட்காரன் வயரைச் சுருட்டுகிற நேரம் பார்த்து, வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிறப் பேண்ட்டுமாக வந்து கதவோரம் நிற்பார். வாங்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தட்டுக்காரர் வந்துட்டாரு, தட்டையெல்லாம் எடுத்துப் போடு என்றுதான் உள்ளே சத்தம் கேட்கும். மிச்சமிருக்கும் லட்டையும் வாழைப்பழத்தையும் வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு ஆளாளுக்குத் தட்டை நீட்டுவார்கள். அவர் ஒவ்வொன்றாக வாங்குவார். வாங்கின கையோடு தட்டின் விளிம்பில் இருக்கும் கொண்டையை அரைத் திருகு திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். கழற்றாமல் அடுக்கினால் கொண்டை வளைந்துவிடும்.

கொண்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அவருடைய தட்டெல்லாம் பரிமாறுகிற பெரிய பித்தளைத் தட்டு. விளிம்பில் ஓரிடத்தில் விரல் கனத்துக்கு ஒரு சின்னக் குழாய் பற்றவைத்திருக்கும். அந்தக் குழாயில் எந்த உருவத்தை வேண்டுமானாலும் செருகித் திருகிக்கொள்ளலாம். மயில், தாமரை, பிறை, சிலுவை, பிள்ளையார், அன்னம், பிறந்தநாளுக்கு எண்கள் என்று பித்தளையில் வார்த்த உருவங்கள் பிஸ்கட் டப்பாக்களில் சாதிவாரியாகக் கிடக்கும். வெள்ளிக்கிழமை பிறையோடு பேரீச்சம்பழம் சுமந்த தட்டு சனிக்கிழமை பிள்ளையாரோடு கொழுக்கட்டை சுமக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே தட்டு சிலுவையோடு ஞானஸ்நான வீட்டில் கேக் சுமக்கும். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கண்ணுக்குத் தெரிகிறது கொண்டைதானே.

இந்த யோசனை சந்தியாகுவுடையது இல்லை. அவர் ஒரு பித்தளைப் பட்டறையில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர். தட்டு வாடகைக்கு விடலாம் என்று ஆரம்பித்தபோது பிள்ளையார் பற்றவைத்த தட்டைக் கோயில்காரர்கள் மட்டும் கேட்டார்கள், சிலுவை பற்றவைத்ததை மாதாகோயில்காரர்கள் மட்டும் கேட்டார்கள். பாதித் தட்டு எப்போதும் வீட்டில் தூங்கியது. அவர் பெண்டாட்டி லூசியம்மாள்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "நா அடுப்படிக்கு ஒரு கொண்ட போடுதேன், பூசைக்கு ஒரு கொண்ட போடுதேன். தல ஒண்ணுதான? தட்டு தட்டா இருக்கட்டும், கொண்டைய மாத்திக்கிடுவோம்."

லூசியம்மாள் இருந்தவரை அந்த வீட்டுக்கு வாய் அவள்தான். கன்னியாஸ்திரிகள் வளர்த்த பிள்ளை, பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது. அதனாலேயோ என்னவோ போகிற வீடெல்லாம் தன் வீடு மாதிரிப் பேசுவாள். ஒரு வீட்டுக்குத் தட்டு போகிறதென்றால் முன்னால் அவள் போவாள். அடுப்படியில் புகுந்து உப்புப் பார்ப்பாள், மணப்பெண்ணுக்குப் பூ வைப்பாள், பெண்களோடு தட்டும் பிடிப்பாள். பின்னால் சந்தியாகு தட்டு மூட்டையோடு வருவார். அவளைக் கூப்பிட்டால் அவரையும் கூப்பிட்ட கணக்குத்தான். அவள் இலையில் உட்கார்ந்துகொண்டு, "இங்கன வந்து உக்காருங்க, சுவத்த என்ன தாங்கிப் பிடிக்கியளோ" என்று சத்தம் போட்டு அவரையும் உட்கார வைப்பாள்.

காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்த பிறகு சந்துக்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். தப்பு என்றே அவர்களுக்குத் தெரியாது. தட்டு கொண்டுவரப்போகிற மனுஷனுக்குத் தனியாக என்ன அழைப்பு, எப்படியும் வரத்தானே போகிறார் என்று விட்டுவிட்டார்கள். அவரும் வந்தார். தட்டைக் கொடுத்தார், போனார், முடிந்தபின் வந்து எடுத்தார். நடுவில் ஒரு வாய் சாப்பிடுங்க என்று சொல்ல ஆளில்லை. சில வீடுகளில் பார்சல் கட்டிக் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் மூடி வைத்துவிட்டு மகள் கிளாரா வேலையிலிருந்து வரும்வரை காத்திருப்பார். கேட்டுத்தான் பார்ப்போமே, எத்தனை கல்யாணச் சோற்றை அந்த மனுஷன் ஆறவிட்டுத் தின்றிருப்பார்.

அவர்கள் இருப்பது ஏணி வைத்து ஏறுகிற ஒரு மாடிக் கோலி, அதாவது ஒற்றை அறை. மூன்று பக்கமும் தட்டு அடுக்கு. மின்விசிறி சுற்றினால் மேல்தட்டு லேசாகக் கிணுகிணுக்கும். காலையில் கிளாரா ஐரோலிக்கு ஆபீஸ் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டால் சந்தியாகு அரைக் கிளாஸ் கட்டிங் சாயும் பாவு ரொட்டியும் முடித்துவிட்டு வேலைக்கு உட்காருவார். புளியைக் கரைத்துத் தட்டை ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நாள் முழுக்க அந்தக் கோலியில் பேச்சுச் சத்தமே இருக்காது. கீழ்வீட்டு ஹபீபாவின் டிவி சத்தம் பலகை வழியாக மேலே வரும். சீரியலில் யார் செத்தார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று அவருக்கு எல்லாம் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் விசேஷம் வருகிறது என்று காதில் விழுந்தால் மட்டும் மனுஷன் வெளியே கிளம்புவார். ஒரு தட்டை எடுத்து அந்த வீட்டுக்கு ஏற்ற கொண்டையைச் செருகி, வெறுந்தட்டாகக் காட்டக் கூடாது என்று நாலு வெற்றிலையும் பாக்கும் கற்கண்டும் வைத்துக் கொண்டுபோய் வாசலில் நீட்டுவார். வாய் திறக்க மாட்டார். வீட்டுக்காரி ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, தட்டைத் தட்டிப் பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று சொல்லுவாள். லூசி போனபிறகு அவர் வியாபாரம் செய்த விதம் இதுதான். ஒரு குறையுமில்லாமல் நடந்துகொண்டும் இருந்தது.

இப்படியிருக்கையில் கிளாராவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் பிரைட்டன். முலுண்டில் பிளாட், அவனுக்கும் ஐரோலியில்தான் வேலை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்வந்து பழகியவர்கள். அவர்களும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள்தான் என்பதால் பெரியவர்களுக்குச் சிக்கல் ஒன்றும் இல்லை. பையனின் அம்மா ஜாக்குலின், நல்ல வாட்டசாட்டமான மனுஷி, அந்த ஏணியில் ஏறி வந்து தட்டு அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சந்தியாகு வாங்கிவைத்த சமோசாவைத் தின்றுகொண்டே மனத்தில் உள்ளதைப் பளிச்சென்று சொன்னாள்.

"பாருங்க அண்ணாச்சி, எங்களுக்கு நகை வேண்டாம், சாமான் வேண்டாம். பிளாட்ல வைக்க எடமும் கெடையாது. ஆனா பொண்ணுக்குப் பின்னால ஆளு இருக்குன்னு எங்க சொந்தக்காரங்க கண்ணால பாக்கணும். ஆளில்லாத வீட்டுப் பொண்ணுன்னா நாளைக்கு ஆளாளுக்குப் பேசுவாங்க. மத்தவங்கள ஏன் சொல்லணும், நா மாமியார், கோவம் வந்தா நானே பேசிருவேன். நிச்சயத்தன்னைக்கு நாங்க கொண்டாற தட்ட வாங்க உங்க பக்கத்துல ஒம்போது பொம்பளைங்க நிக்கட்டும். அன்னைக்கே ஃபாதர்ட்ட சொல்லிக் கல்யாணத் தேதிய வச்சிருவோம்."

சந்தியாகு தலையை ஆட்டினார். தட்டுகூட உங்களுடையதையே எங்களுக்கும் அனுப்பிவிடுங்கள் என்று ஜாக்குலின் சொன்னதற்கும் ஆட்டினார். அவள் இறங்கிப் போனபிறகு கிளாரா அப்பாவைப் பார்த்தாள். ஒன்பது பெண்களுக்கு எங்கே போவது என்று அவளுக்குப் பயம். அம்மா பக்கம் யாருமில்லை. அப்பா பக்கம் ஊரில் ஒரு அண்ணன், வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை விட்டுப்போனவர். ஆபீஸ் தோழிகளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். சந்தியாகு வேண்டாம் என்றுவிட்டார். நம்ம சந்து இருக்கு, ஒங்கம்ம எத்தன வீட்டுல தட்டுப் பிடிச்சிருக்கா, ஒனக்குப் பிடிக்க மாட்டாவளா என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அவளுக்கு ஆச்சரியம். சரி என்று விட்டுவிட்டாள்.

தெக்கத்தி வழக்கப்படி வெற்றிலைத் தட்டோடு போய் அழைக்க வேண்டும். வீட்டுக்காரி தட்டிலிருந்து வெற்றிலை எடுத்துக்கொண்டால் வருகிறேன் என்று பொருள். சந்தியாகு இருப்பதிலேயே நல்ல தட்டாக ஒன்றை எடுத்து இரண்டு தடவை தேய்த்தார். கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து வாங்கினார். பிறகு எந்தக் கொண்டை வைப்பது என்று உட்கார்ந்து யோசித்தார். நம் வீட்டு விசேஷம், சிலுவைதான் வைக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் அடுத்தவர் வாசலுக்குப் போகிறோம், அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமா என்று தோன்றிவிட்டது. பாவி மனுஷன் அந்த இடத்தில்தான் சறுக்கினார்.

ஹபீபாவின் வாசலுக்குப் பிறையைத் திருகிக்கொண்டு போனார். ஹபீபாவின் மகள் சாயிமாவுக்கு அப்போதுதான் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தட்டைப் பார்த்ததும் ஹபீபாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷனுக்கு அதற்குள் எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ என்று நினைத்துக்கொண்டு, இப்பத்தான் பேச்சு நடக்குதுண்ணே, முடிவானதும் நானே சொல்லிவிடுதேன், தட்டு ஒங்கள்ட்டதான் என்று சொல்லி வெற்றிலை எடுத்துக்கொண்டாள். சந்தியாகு, ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு, சர்ச் ஹால்ல, என்று முனகினார். ஞாயிற்றுக்கிழமை வேறு எங்கேயோ தட்டு போகிறது, அதனால் அன்றைக்குக் கேட்காதே என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சரிண்ணே, சரிண்ணே என்று சொல்லிவிட்டு டிவி பார்க்க உள்ளே போய்விட்டாள்.

எதிர்வீட்டு முப்பிடாதியம்மாளுக்குத் தாமரை. அவள் மருமகள் மாசமாக இருந்தாள். வளைகாப்புக்குத் தட்டு காட்ட வந்திருக்கிறார் என்று அவள் முடிவு செய்து, போன தடவை கொடுத்த தட்டில் ஒன்று ஆடியது, இந்த முறை நல்லதாகக் கொடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி வெற்றிலை எடுத்தாள். இப்படியே ஒவ்வொரு வீடாக, மயிலும் பிள்ளையாரும் அன்னமுமாக மாற்றி மாற்றித் திருகிக்கொண்டு சந்து முழுக்கப் போய்வந்தார். எல்லாரும் சிரித்த முகமாகப் பேசினார்கள். எல்லாரும் வெற்றிலை எடுத்தார்கள். நான் இரண்டு சந்து தள்ளி இருப்பவன், என் வீடுவரை அவர் வரவில்லை. வந்திருந்தால் என் பெண்டாட்டியும் அதையேதான் செய்திருப்பாள்.

அன்று சாயங்காலம் கிளாரா கேட்டபோது சந்தியாகு சந்தோஷமாக இருந்தார். "எல்லா வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். ஒருத்தர் பாக்கியில்ல, எல்லாரும் வெத்தல எடுத்துக்கிட்டாவ" என்றார். அறுபது பேருக்கு மட்டன் பிரியாணி சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முப்பது, நம் ஆட்கள் முப்பது.

தாராவியில் ஒரு வீட்டுச் சேதி பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா? முலுண்ட்காரி வந்து போனதும், கிளாராவுக்குப் பட்டுச்சேலை எடுத்ததும், ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்பதும் சந்துக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததால்தான் வம்பே. ஹபீபா வெள்ளிக்கிழமை வரை பொறுத்துப் பார்த்தாள். மேல்வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மற்ற வீட்டு விசேஷத்துக்கென்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்க மட்டும் வாசல் வாசலாக வந்தாரே, பெற்ற மகள் நிச்சயத்தைச் சொல்ல வாய் வரவில்லையா என்று முப்பிடாதியம்மாளிடம் பொருமினாள். லூசி உயிரோடு இருந்தா இப்படி விடுவாளா என்று இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிளாட்காரர்கள் சம்பந்தம் கிடைத்ததும் நம்மையெல்லாம் அங்கே நிறுத்த வெட்கமாக இருக்கும் என்றாள் முப்பிடாதியம்மாள். அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தியா நாம என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரோஷம் ஒரு வீட்டில் தொடங்கினால் சந்து முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும். கிளாரா ஏணியில் இறங்கிப் போகும்போது ஹபீபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் கிளாரா அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்டோபர் வெயில் எப்படியிருக்கும் என்று மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை போய்விட்டது, குளிர் வரவில்லை, நடுவில் மாட்டிக்கொண்டு சனம் வேகும். பூசை முடிந்து சர்ச் ஹாலில் நாற்காலிகளை இரண்டு பக்கமாகப் போட்டிருந்தார்கள். சந்தியாகு புதுச்சட்டை போட்டுக்கொண்டு தன் பக்கத்து நாற்காலிகளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிரியாணி தேக்சா பின்பக்கம் வந்து இறங்கியது. உள் அறையில் பார்லர்காரி சாதனா கிளாராவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். யாராவது வந்தாங்களாப்பா என்று கிளாரா கதவிடுக்கு வழியாக இரண்டு தடவை கேட்டாள். வருவாவ, பொம்பளையள்னா சேல கட்ட நேரமாகும்லா என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் பதினோரு மணிக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வேன். ஒன்பது பெண்கள் தட்டுகளோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். சேலை, மோதிரம், பழம், கேக், பூ, இனிப்பு என்று ஒவ்வொரு தட்டிலும் ஒன்று, விளிம்பில் பளபளவென்று சிலுவை. வெள்ளிக்கிழமை டெம்போவில் சந்தியாகு அனுப்பிவைத்த அதே தட்டுகள். முன்னால் வந்து வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. ஒரு பக்கம் முழுக்கக் காலி நாற்காலி. சந்தியாகு மட்டும் வாசலில் நின்றார்.

அவர் தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வேறு வழி தெரியாமல் இரண்டு கையையும் நீட்டினார். முதலில் நின்றவள் மாப்பிள்ளையின் அத்தை. தயங்கிக்கொண்டே தட்டைக் கொடுத்தாள். மோதிரத்தட்டு. வாங்கின கையோடு சந்தியாகுவின் வலதுகை அதன்போக்கில் விளிம்புக்குப் போயிற்று, சிலுவையைப் பிடித்து அரைத் திருகு திருகிற்று, கழற்றிச் சட்டைப் பையில் போட்டது. எத்தனையோ வருஷமாகச் செய்த வேலை, கைக்கு யோசிக்க என்ன இருக்கிறது.

அத்தைக்காரி நெஞ்சில் கை வைத்தாள். நாங்க இன்னும் உள்ளேயே வரல, அதுக்குள்ள சிலுவையக் கழத்துறாரே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அது காதுகாதாகக் கடைசித் தட்டுவரை போயிற்று. தான் செய்தது என்னவென்று சந்தியாகுவுக்கு அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்து சிலுவையை எடுத்துத் திரும்பச் செருகப் பார்த்தார். அவசரத்தில் குழாயில் இறங்கவில்லை. வேர்வை கண்ணில் விழுந்தது. தட்டில் இருந்த மோதிரப் பெட்டி சரிந்தது. பிரைட்டன் ஓடிவந்து தட்டை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான்.

ஜாக்குலின் முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, தட்டு வாங்க உங்க ஆளுங்க எங்க?"

"நாந்தான்."

"நீங்க சரி. உங்க ஆளுங்க?"

"வருவாவ" என்றார். "வெத்தல எடுத்துக்கிட்டாவ."

ஜாக்குலின் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். கோபம் வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் கோபப்பட முடியாது. உள் அறைக் கதவைத் திறந்துகொண்டு கிளாரா பாதிப் பின்னலோடு வெளியே வந்துவிட்டாள். சாதனா சீப்பும் கையுமாகப் பின்னால் ஓடிவந்தாள். "குடுங்க ஆன்ட்டி, நான் வாங்குறேன். எங்க வீட்டுக்கு நான் போதும்" என்று கிளாரா கையை நீட்டினாள். அழுதுகொண்டே நீட்டினாள்.

"நீ வாங்கக் கூடாது" என்றாள் ஜாக்குலின். "ஒன்ன வாங்கத்தான் நாங்க வந்திருக்கோம்."

தட்டைத் தரையில் வைக்கக் கூடாது என்பது முறை. ஒன்பது பெண்களும் தங்கள் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். மேலே மின்விசிறி சுற்றியது, கீழே எல்லாருக்கும் வியர்த்தது. ஃபாதர் இரண்டு மணி வரை இருப்பதாகச் சொன்னார், அதற்கப்புறம் அவருக்குச் செம்பூரில் ஒரு ஜெபக்கூட்டம். ஜாக்குலின் சந்தியாகுவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் சனத்தை அதுவரை பிடித்து வைக்கிறேன், போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். வராவிட்டால் மோதிரத்தை மாற்றிவிட்டுக் கிளம்புகிறோம், தேதி பேச்சை இன்றைக்கு எடுக்க வேண்டாம், இவர்கள் வாயை என்னால் மூட முடியாது என்றும் சொன்னாள். மனுஷி நியாயமாகத்தான் பேசினாள்.

சந்தியாகு வெயிலில் நடந்தார். ஹாலுக்கும் சந்துக்கும் ஒரு கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹபீபா வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே முப்பிடாதியம்மாள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஈரத்துணி காயப்போட்டாள். அவர் வருவதைப் பார்த்து இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அவர் வந்து நின்றார். ஹபீபா நிமிரவில்லை. பூண்டைப் பார்த்தபடியே, "என்னண்ணே, விசேஷம் முடிஞ்சிட்டா? தட்டு ஒண்ணையும் காணும்" என்றாள்.

"யாரும் வரலியே" என்றார் சந்தியாகு.

"கூப்பிடாம வந்து நிக்கதுக்கு நாங்க என்ன காக்காயா?"

"வந்தேனே. தட்டோட வந்தேன்."

"அது எங்க சாயிமா கல்யாணத்துக்குத் தட்டு காட்ட வந்திய."

"இல்ல."

"பிறையத்தான வச்சுக் கொண்டாந்திய?"

"ஒங்க வீடுன்னு வச்சேன்" என்றார். "ஒங்க வீட்டுக்கு வாரப்போ ஒங்களுக்குள்ளத வைக்கணும்லா."

ஹபீபாவின் கையில் பாதி உரித்த பூண்டு அப்படியே நின்றது. முப்பிடாதியம்மாள் துணியைக் கொடியில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். தனக்குத் தாமரை வைத்துக் கொண்டுவந்ததையும், ஆடுகிற தட்டைக் கொடுக்காதே என்று தான் அதட்டியதையும் சொல்லிவிட்டு, சண்டாளி நான் என்று வாயில் அடித்துக்கொண்டாள். அந்த மனுஷனுக்குச் சொல்லத் தெரியவில்லை, நமக்குக் கேட்கவும் தெரியவில்லையே என்று ஹபீபாவைப் பார்த்துப் புலம்பினாள். ஹபீபா கையிலிருந்த பூண்டை முறத்தில் போட்டாள். வெற்றிலையை அவளும்தான் எடுத்தாள், எடுத்ததை அன்றைக்கே மென்று துப்பியாயிற்று.

சந்தியாகுவுக்கு அழுகை வந்தது. பெண்பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த இடத்தில் லூசி இருந்தால் அடுப்படிவரை போய் நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அவருக்குக் கையில் தட்டுகூட இல்லை. வெறுங்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டார். பிறகு வாயைத் திறந்தார்.

"ஹபீபாம்மா. முப்பிடாதியக்கா. எம்மவ கிளாராவுக்கு இன்னைக்கு நிச்சயம். சர்ச் ஹால்ல. நீங்கல்லாம் வீட்டோட வரணும். வந்து பிள்ளைக்குத் தட்டு வாங்கிக் குடுக்கணும். இருந்து சாப்பிட்டுட்டுப் போகணும்."

மூச்சு வாங்கியது அவருக்கு. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பெண்டாட்டியைப் புதைத்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த மனுஷன், ஒருவரை வாயால் வாருங்கள் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. ஹபீபா முறத்தைக் கீழே வைத்தாள். விசேஷம் தொடங்கிவிட்டதே, நேரம் போய்விட்டதே என்றெல்லாம் அவள் பேசவில்லை. அழைத்தால் என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்டாள்.

"எத்தன மணிக்குண்ணே?"

"இப்பத்தாம்மா" என்றார்.

அவ்வளவுதான், சந்தில் கதவுகள் தட்டப்பட்டன. அடுப்பை அணைக்கச் சொல்லி ஒருத்தி, கிளிப்பைத் தேடி ஒருத்தி, நைட்டியோட வரவா என்று ஒருத்தி. சேலை கட்ட நேரமில்லை, மேல சால்வையைப் போட்டுக்கிட்டு வா, பிள்ளை அங்க நிக்குது என்று முப்பிடாதியம்மாள் அதட்டினாள். சந்தியாகு நடுச்சந்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் போகட்டும், பின்னால் போகலாம் என்று வழக்கம்போல ஒதுங்கிச் சுவரோரம் நகர்ந்தார். ஹபீபா விடவில்லை.

"முன்னால நடங்கண்ணே. பெண்ணப் பெத்தவரு நீங்க. நாங்க பின்னால வாரோம்."

அவர் நடந்தார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எத்தனை பேர் வருகிறார்கள், ஒன்பது தேறுமா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லாமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருந்தது. ஹால் வாசல்வரைக்கும் திரும்பிப் பார்க்காமலே நடந்தார்.